தஹ்ஸீன் சொல்லாத சொல்

தஹ்ஸீன் பொய் சொல்லமாட்டாள், கொடுத்த வாக்கை மீறமாட்டாள் என்பது அவள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளை ஏமாற்றினார்கள். அவள் ஒரு பொய்க்காரியாக இருந்திருந்தால் அந்த ஏமாற்று பலித்திருக்காது.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருந்தவர் அவள் அத்தா. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் முஆஸ், நடுவில் தஹ்ஸீன், கடைக்குட்டி யஹ்யா. அம்மாவுக்கு ஒரே தம்பி, ரொட்டிக்கடை தாஜுதீன். முஆஸ் கட்டிக்கொண்ட நஜீமா முன்பின் தெரியாதவள் இல்லை. தஹ்ஸீனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், ஒரே டிபன் டப்பாவில் தின்றவள். முஆஸுக்கும் நஜீமாவுக்கும் ஒரே பெண், ஹிபா. தாஜுதீனுக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த கடைசிப் பிள்ளை, அய்மான். முறை பார்த்தால் ஹிபாவுக்கு அய்மான் மாமன். கட்டிக்கொள்ளும் முறைதான். கிளைக்குள் கிளை இன்னும் எத்தனையோ உண்டு. இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

யஹ்யா பிறந்த ஆறாம் மாதமே வெளுக்க ஆரம்பித்தான். உடம்பில் ரத்தம் ஊறவில்லை என்றார்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றின வாரம் வீதியில் பந்து உதைப்பான். மாதக் கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். அம்மா கண்ணேறு என்றாள். அத்தா நாகூருக்கு நேர்ந்துகொண்டார். தஹ்ஸீன் மட்டும் டாக்டரைப் பார்த்து, "எங்க அண்ணனுக்கும் எனக்கும் ஊறுற ரத்தம் இவனுக்கு மட்டும் ஏன் ஊறலை?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டு, "நீ படிச்சு வந்து எனக்குச் சொல்லு" என்றார். பள்ளிக்கூடம் சேர்த்த மறு வருஷம் யஹ்யா போய்ச் சேர்ந்தான். அந்த டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

படித்தாள். ஹைதராபாத்தில் உயிரணுக்களின் உள்விவகாரம் படிக்கப் போனபோது முதல் காரியமாகத் தன் ரத்தத்தைத்தான் சோதித்தாள். மனிதருக்கு உடம்பின் செய்முறை எதுவும் இரண்டு பிரதியாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ரத்தத்தின் சிவப்பைச் செய்யும் பிரதி ஒன்று கெட்டிருந்தால் பாதகமில்லை, மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டும் கெட்டிருந்தால் யஹ்யா. தஹ்ஸீனுக்கு ஒன்று கெட்டிருந்தது.

அந்த நேரம் கடலூரிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். அவள் மாப்பிள்ளையின் தாயை உட்காரவைத்து, "எனக்கு இப்படி இருக்குது, உங்க பிள்ளைக்கும் ஒருதடவை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் பார்க்கவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கு அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதவள் நஜீமா. "போறாங்க உடு. பொய் சொல்லித் தாலி கட்டிக்கினு அப்புறம் புள்ளைய மண்ணுல வைக்கிறதுக்கு, இது எவ்வளவோ மேல்டி" என்று சொன்னதும் நஜீமாதான். அப்புறம் வேறு சம்பந்தம் வரவில்லை, அவளும் தேடவில்லை.

பிறகு பிரான்சு. ஸ்திராஸ்பூர் என்ற ஊரில் நான்கைந்து வருஷம் ஆராய்ச்சி. அங்கேதான் குரோமாட்டின் என்ற விஷயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு துளி உயிரணுவுக்குள் ஆள் உயரத்துக்கும் மேலே நீளமுள்ள ஒரு நூல் இருக்கிறது. அந்த நூலில்தான் உடம்பின் எல்லாச் செய்தியும் எழுதியிருக்கிறது. அதை அப்படியே போட்டு வைக்க முடியுமா? புரதக் கண்டுகளில் சுற்றிச் சுற்றி மடித்து வைத்திருக்கிறது, அதுதான் குரோமாட்டின். இறுக்கிச் சுற்றின இடத்தை உடம்பு படிக்க முடியாது. தளர்த்தி விட்ட இடத்தைத்தான் படிக்கும். அத்தாவின் கடையில் அலமாரி முழுக்கத் துணிக்கட்டு இருக்கும். வருகிறவர் கேட்ட கட்டை மட்டும் அத்தா உருட்டி விரிப்பார். மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுதான். அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

அங்கேயே இருந்திருக்கலாம். நல்ல வேலை கொடுத்தார்கள். ஆனால் அவளுக்கு வேண்டிய ரத்தம் இங்கே இருந்தது. ஊருக்கு வடக்கே, கனகசெட்டிக்குளம் போகிற சாலையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்தக்காரர்களிடம் ரத்தம் கேட்கக் கிளம்பினாள்.

யார் கொடுப்பார்கள்? ரத்தக் கோளாறு என்று பேர் வெளியே போனால் வீட்டுப் பெண்களை எவன் கட்டுவான்? நஜீமாதான் முன்னால் நின்றாள். தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, சொந்தத்துப் பெண்களையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டி வைத்தாள்.

"ரத்தம் குடுத்தா பிரான்சு நசியோனாலித்தே கெடைக்குமா?" என்றாள் ஒரு கிழவி. அவள் வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்ஷனும் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கின மனுஷன் ஒருவர் இருந்து செத்திருந்தார்.

"நசியோனாலித்தே இல்ல சாச்சி, பிஸ்கோத்து கெடைக்கும்" என்றாள் தஹ்ஸீன்.

"அந்தப் பிஸ்கோத்து எங்க வூட்லயே இருக்குது. நீ எடுத்த ரத்தத்த யாருக்காச்சும் வித்துட்டா?"

"ஒங்க ரத்தத்த வாங்கறவன் சக்கரை வியாதி வந்து செத்துடுவான்" என்றாள் நஜீமா. கூடம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் நீண்டன.

அப்போதுதான் தஹ்ஸீன் அந்த வாக்கைக் கொடுத்தாள். ரத்தக் குப்பியில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும். ஒருவர் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று அந்த ஒருவரிடம் மட்டும் சொல்வாள். கணவனைப் பற்றி மனைவிக்குச் சொல்லமாட்டாள், மகளைப் பற்றித் தாய்க்குச் சொல்லமாட்டாள். யாரும் எப்போது வேண்டுமானாலும் தன் ரத்தத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்காமல் அழித்துவிடுவாள்.

"அல்லா மேல சொல்லு" என்றாள் நஜீமா.

சொன்னாள்.

அந்த ரத்தங்களில்தான் அதிசயம் இருந்தது. தாஜுதீன் மாமாவுக்கு இரண்டு பிரதியும் கெட்டிருந்தது. யஹ்யாவுக்கு இருந்த அதே கோளாறு, எழுத்துப் பிசகாமல் அதே. யஹ்யா மண்ணுக்குள் போய்ப் பல வருஷம். தாஜுதீன் மாமாவோ விடிகாலையில் மைதா மூட்டையை முதுகில் ஏற்றி, அடுப்பில் நூற்றுக்கணக்கான ரொட்டி தள்ளி, பேரன் பேத்தி பார்த்துவிட்டார். வெயிலில் கொஞ்சம் களைப்பார், அவ்வளவுதான்.

ஏன்? அதுதான் தஹ்ஸீனின் வாழ்நாள் கேள்வியாகிவிட்டது. குழந்தை வயிற்றில் இருக்கும்போது ரத்தம் செய்ய வேறொரு செய்முறை வேலை செய்யும். பிறந்ததும் உடம்பு அதைச் சுருட்டிக் கட்டிவிடும். மாமாவின் உடம்பு அதைக் கட்டவே இல்லை. அறுபதை நெருங்கும் ஆள் இன்னமும் தாய் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் சுற்று எப்படித் தளர்ந்தது, எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் யஹ்யா மாதிரிப் பிள்ளைகளுக்கும் அதைத் தளர்த்திவிட வழி கிடைக்கும். பல வருஷம் அதிலேயே கிடந்தாள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கட்டுரை வந்தது. அவளிடம் வேலை பார்த்த சேதராப்பட்டு மாலா, "மேடம், உங்க மாமாவத் தவிர வேற யாரையும் நீங்க இவ்ளோ நேரம் பாத்ததில்லை" என்று கிண்டல் செய்வாள்.

சொந்தக்காரர்கள் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாடு முடிந்த பிறகு, மாமாவே சொல்லச் சொன்னதால், புரிகிற மாதிரிச் சொன்னாள். மாமா உடம்பில் ஒரு கதவு மூடாமல் இருக்கிறது, அதனால்தான் பிழைத்தார் என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். மாமாவின் அத்தா பெரிய பக்திமான், அவர் துஆ செய்து திறந்த கதவு அது என்று ஒருவர் சொன்னார். அது வாய் மாறி வாய் மாறி, தாஜுதீன் வம்சத்துக்கே அல்லா கொடுத்த பரக்கத்து என்று ஆகிவிட்டது. தஹ்ஸீன் அதைக் கேட்டாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். மாமாவின் பிள்ளைகளுக்கு அது வந்திருக்கிறதா என்று அவள் இன்னும் பார்க்கவில்லை, பெண்களும் அய்மானும் பிறகு தருகிறோம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒன்று மட்டும் சோதிக்காமலே தெரியும். மாமாவிடம் இருப்பது இரண்டுமே கெட்ட பிரதி என்பதால், அவர் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கெட்ட பிரதி கட்டாயம் போயிருக்கும்.

ஹிபாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவளே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து கை நீட்டினாள். தஹ்ஸீன் பெறாமல் வளர்த்த பிள்ளை அவள். விடுமுறை நாளெல்லாம், குப்பி என்று அவள் கூப்பிடும் இந்த அத்தையின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்து, மாலாவோடு அரட்டை அடித்துக்கொண்டு கிடப்பாள். முடிவு வந்த அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, "ஹிபா, ஒனக்கும் என்னை மாதிரி ஒண்ணு இருக்குதும்மா. நோய் இல்ல. ஆனா கட்டிக்கப் போறவனுக்கும் இருக்கக்கூடாது. அத மட்டும் பாத்துக்க" என்றாள்.

"அம்மாட்ட நான் சொல்லலாமா?"

"அது ஒன் ரத்தம். நீ யாருக்கு வேணாலும் சொல்லலாம். நான்தான் சொல்லக்கூடாது."

ஹிபா குப்பியைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

இது நடந்து மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், தாஜுதீன் மாமா சூடாக ரொட்டியை எடுத்துக்கொண்டு தஹ்ஸீன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நிற்கவில்லை, உட்காரவில்லை, கண் கலங்கிப் போயிருந்தார்.

"ஒன் அம்மா இருந்து பாத்திருக்கணும்மா. அவ பேத்தி என் வூட்டுக்கு வரப்போறா."

"யாரு, ஹிபாவா?"

"ஒனக்கே தெரியாத மாதிரி கேக்கறியே! அய்மானுக்குத்தான். ரெண்டும் ஒண்ண ஒண்ணு ரொம்ப நாளாப் புடிச்சிக்கினு இருந்துதாம், நமக்குத்தான் கண்ணு தெரியலை. ஞாயித்துக்கெழம சக்கரை போட்டுப் பேச்சு முடிக்கறோம்."

தஹ்ஸீனுக்கு ரொட்டி பிடித்திருந்த கை சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஒங்க மாமி மொதல்ல ஒத்துக்கவே இல்ல. 'ஒங்களுக்கு ரெண்டும் கெட்டிருக்கறதால அய்மானுக்கு ஒண்ணு கட்டாயம் இருக்கும், பொண்ணுக்கும் இருந்தா இன்னா பண்றது? யஹ்யா மய்யித்தத் தூக்குன வூடு இது'ன்னா. நஜீமாதான் வந்து சொன்னா. 'தஹ்ஸீனே பாத்துட்டா மாமி, ஹிபா ரத்தம் சுத்தம்னு சொல்லிட்டா'ன்னு. அப்பறம்தான் ஒங்க மாமி வாயத் தொறந்து சிரிச்சா. தஹ்ஸீன் சொன்னா அதுக்கு மேல ஆஸ்பத்திரி எதுக்குன்னுட்டா." மாமா அவள் தலையில் கை வைத்தார். "அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்மா."

அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். தன் பேரில் ஒரு வார்த்தையைச் செய்து, அதில் ஒரு கல்யாணத்தைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று கெட்டிருந்தால் நான்கு பிள்ளையில் ஒரு பிள்ளை யஹ்யா. அது கணக்குக்குச் சொல்வது. முதல் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அன்று சாயங்காலமே நஜீமா வீட்டுக்குப் போனாள். நஜீமா நெய் உருக்கிக்கொண்டிருந்தாள்.

"வா வா, மாமா வந்து சொல்லியிருப்பாரே. நானே வரணும்னு இருந்தேன்."

"நஜீமா, நான் எப்படி சுத்தம்னு சொன்னேன்?"

நஜீமா அடுப்பைக் குறைத்தாள். திரும்பவில்லை. "கத்தாத. ஒன் அண்ணன் உள்ள இருக்குறாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஹிபா சொன்னப்ப கூடத்தான் இருந்தாரு." அப்புறம்தான் திரும்பினாள். "இன்னாடி பண்ணச் சொல்ற? பொண்ணு சோறு திங்காம கெடந்தா. அவனக் கட்டாட்டி செத்துடுவேன்றா. மாமி இருக்குற புடிவாதத்துக்கு, ஒண்ணு இருக்குதுன்னு சொன்னா அந்தப் பேச்சோட முடிஞ்சுது. ஒரு வார்த்த சொன்னேன். ஒன் பேரச் சொன்னாத்தான் அந்தப் பொம்பள நம்புவா."

"பொறக்கற புள்ளைக்கு?"

"நீதானே மண்டபத்துல சொன்ன? மாமாவுக்குக் கதவு தொறந்துகினு இருக்குதுன்னு. அவுரு ரெண்டும் கெட்டே எழுவது வயசு நடமாடுறாரு. அவுரு பேரப்புள்ளைக்கு அந்தக் கதவு தொறக்காதா?"

"மாமாவுக்குத் தொறந்திருக்குது. அய்மானுக்குத் தொறந்திருக்குதான்னே எனக்குத் தெரியாது நஜீமா. அவன் பெத்த புள்ளைக்கு வரும்னு எவ சொன்னா? யஹ்யாவும் அதே குடும்பம்தானே? அவனுக்குத் தொறந்துதா?"

நஜீமா முகம் ஒரு நொடி மாறியது. பிறகு கல்லாகிவிட்டது. "அல்லா பாத்துப்பான்."

"நான் மாமிகிட்டப் போயி..."

"போவ மாட்ட." நஜீமா நெய்க் கரண்டியைத் தட்டில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்னிக்கி என் கூடத்துல அல்லா மேல சொன்ன. எவ ரத்தத்தப் பத்தியும் எவ கிட்டயும் சொல்லமாட்டேன்னு. நீ சொல்லமாட்டடி, ஒன்ன எனக்குத் தெரியாதா? அந்தத் தைரியத்துலதான் ஒன் பேரையே சொன்னேன்."

உள்ளே முஆஸ் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். வெளியே வரவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஆனால் ஒரே டிபன் டப்பாவில் தின்ற வாய் அது. கடலூர் சம்பந்தம் எழுந்து போன நாளில் இதே வாய்தான் வேறு மாதிரிச் சொன்னது. தஹ்ஸீனுக்கு அதை நினைவுபடுத்தத் தோன்றியது. நினைவில்லாதவளிடம் சொன்னால் பிரயோஜனம் உண்டு. நஜீமாவுக்கு எல்லாம் நினைவிருந்தது.

மறுநாள் ஹிபாவை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு வரச் சொன்னாள். சின்ன வயசில் அவளைப் படகு பார்க்கக் கூட்டிப்போன இடம். ஹிபா வந்தாள். குப்பியின் கண்ணைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா பயத்துல சொன்னா. நீ படிச்ச புள்ள. நீயே அய்மான்கிட்ட உண்மையச் சொல்லிடு. நீ சொன்னா என் வாக்கும் ஒடையாது. ரெண்டு பேரும் தெரிஞ்சிகினு கட்டிக்கிங்க, நான் வேணாம்னு சொல்லலை. வயித்துல இருக்கும்போதே பாத்துக்கலாம், எவ்வளவோ வழி இருக்குது."

"சொன்னா அவங்க அம்மா உடமாட்டாங்க."

"அய்மான் உடுவானான்னு கேளு."

ஹிபா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நீங்க உண்மை சொன்னீங்க குப்பி. ஒங்களுக்கு இன்னா கெடச்சுது?" என்றாள்.

கேட்டதும் அவளே திடுக்கிட்டாள். கையைப் பிடிக்க வந்தாள். தஹ்ஸீன் கையை எடுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பியது. ஹிபா ஸ்கூட்டரில் போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் எப்படி ஊறுகிறதென்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பேச்சு முடிக்கிற அன்று பெண்ணின் குப்பிதான், அதாவது தகப்பனுடன் பிறந்தவள்தான், முதல் சர்க்கரையை எடுத்து மாப்பிள்ளையின் தாய் வாயில் வைக்கவேண்டும். குப்பி கை வைத்தால் பெண் வீட்டுச் சொல் உறுதி என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்கக்கூடாது. தஹ்ஸீன் வராமல் இருந்துவிடலாமா என்று காலையெல்லாம் யோசித்தாள். வராவிட்டால் உடம்பு சரியில்லை என்பார்கள், வேறு யாராவது சர்க்கரையை எடுத்து வைப்பார்கள். அவள் பேரில் சொன்ன சொல் அப்படியே நிற்கும்.

போனாள். முன் கூடத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள். தாஜுதீன் மாமாவின் மனைவி மஹ்மூதா மாமி பச்சைப் பட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளித்தட்டில் சர்க்கரை வந்தது. நஜீமா தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தஹ்ஸீன் வாய் திறக்கமாட்டாள் என்பதில் அவ்வளவு நம்பிக்கை.

"டாக்டரம்மா பாத்துச் சொன்ன பொண்ணு" என்றாள் மஹ்மூதா மாமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவ கையாலயே போடட்டும். ராவுல நிம்மதியாத் தூங்குவேன்."

தஹ்ஸீன் சர்க்கரைக் கரண்டியை எடுத்தாள். எடுத்தது அப்படியே நின்றது.

"மாமி, அவங்கவங்க சொல்லச் சொல்லாம நான் யாரு ரத்தத்தப் பத்தியும் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஹிபாவப் பத்தியும் யாருகிட்டயும் சொல்லலை. நல்லதும் சொல்லலை, கெட்டதும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். என் பேரச் சொல்லி யாராச்சும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருந்தா, அது என் சொல்லு இல்ல." கரண்டியைத் தட்டில் வைத்தாள். "புள்ளைங்க ரெண்டும் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வரட்டும். அப்பறம் நானே போடறேன்."

மஹ்மூதா மாமி அவளைப் பார்த்தாள், நஜீமாவைப் பார்த்தாள், கதவோரம் நின்ற ஹிபாவைப் பார்த்தாள். ஹிபா அழுதுகொண்டு உள்ளே ஓடினாள். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"குடி கெடுத்தியேடி!" என்றாள் நஜீமா. "பெத்த வயிறு இருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அவள் வாக்கை மீறவில்லை. ஒரு எழுத்து மீறவில்லை. ஆனால், சொல்லவில்லை என்று சொன்னதே சொன்னதாகிவிட்டது. சுத்தமான ரத்தமாக இருந்தால் அவள் ஏன் கரண்டியைக் கீழே வைக்கிறாள் என்று அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியாது? அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் வைத்தாள்.

அன்றே மாலாவிடம் சொன்னாள், "இனிமே வருவாங்க." மாலாவுக்குப் புரியவில்லை.

வந்தார்கள். நஜீமா ரத்தம் கொடுக்க எப்படிக் கூட்டிவந்தாளோ, அதே போலத் திருப்பிக் கேட்கவும் கூட்டிவந்தாள். ஒருத்தியாக, இரண்டு பேராக, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "எங்கத அழிச்சிடு" என்றார்கள். நசியோனாலித்தே கேட்ட கிழவியின் மகள் வந்தாள். முஆஸ் வந்தான். அவன் மட்டும், "தஹ்ஸீன், வூட்ல இருக்க முடியலை. புரிஞ்சிக்க" என்றான். அவள் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்பதும் வாக்கில் சேர்த்தி.

மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்காகத்தானே கரண்டியைக் கீழே வைத்தாள். மற்றவர்கள் எல்லாம் போனாலும் மாமா ரத்தம் ஒன்று இருந்தால் ஆராய்ச்சி உயிரோடு இருக்கும்.

கடைசியாக வந்தார். கையில் ரொட்டி இல்லை.

"மாமா, நீங்களுமா?"

அவர் சுவரைப் பார்த்தார். "அய்மான் எங்கூடப் பேச மாட்டேன்றான். ஒன்னாலதான் எல்லாம் சந்தி சிரிச்சுதாம். ரத்தம் ரத்தம்னு அலைஞ்சு குடும்பத்தப் பிரிச்சிட்டியாம். நான் அந்த வூட்லதானேம்மா சோறு திங்கணும்."

"சரி மாமா."

"நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலை."

"வெளியில சொல்வீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படி இறங்கிப் போனார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் நல்ல மனுஷன். அவளைக் கூப்பிட்டு, "மாமாவோட சாம்பிள் ஒரே ஒரு குப்பி மட்டும் எடுத்து வைங்களேன் தஹ்ஸீன். இத்தனை வருஷ உழைப்பு. பேர் இல்லாத குப்பி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

அவளும் மாலாவும் உறைபெட்டியைத் திறந்தார்கள். வெண்புகை தரையில் இறங்கியது. எண் எண்ணாக எடுத்து, நீராவியில் அவித்து அழிக்கும் ஆட்டோகிளேவில் அடுக்கினார்கள். அந்தச் சூட்டில் எந்தச் சுருளும் மிஞ்சாது. மாலா அழுதாள். "இன்னா மேடம் ஜனங்க இவங்க" என்றாள். தஹ்ஸீன் கடைசிக் குப்பியை, மாமாவுடையதை, கையில் வைத்திருந்தாள். விரல் பட்ட இடத்தில் உறைபனி உருகி, உள்ளே சிவப்பு தெரிந்தது. உலகத்தில் எங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இனிமேல்தான் தேடவேண்டும். அதையும் அடுக்கி மூடியைச் சாத்தினாள்.

ஹிபாவும் அய்மானும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் தெரியவந்தது. மாமி கத்தினாள், அய்மான் கேட்கவில்லை. தெரிந்தே கட்டிக்கொண்டான். குப்பி கேட்டதும் அதுதானே! ஆனால் நிக்காஹ் பத்திரிகை அவளுக்கு வரவில்லை. அந்த வீதியில் வீட்டுக்கு வீடு தாள்ச்சாவும் பிரியாணியும் போனது. அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சென்னையில் போய்ச் சோதனை செய்துகொண்டார்கள் என்று முஆஸ் மாலாவிடம் சொல்லி, மாலா இவளிடம் சொன்னாள். சோதனையில் என்ன வந்தது என்று மாலாவுக்குத் தெரியவில்லை. தஹ்ஸீன் கேட்டு வரச் சொல்லவில்லை.

போன மாசி மாதம் பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது ஹிபாவைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. எட்டு ஒன்பது மாதம் இருக்கும். யஹ்யா வெளுக்க ஆரம்பித்த வயசைத் தாண்டிவிட்டது. தஹ்ஸீனின் கண் தானாகக் குழந்தையின் நகத்துக்கும் உதட்டுக்கும் போயிற்று. தூரத்தில் நிறம் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் எல்லோருமே சிவப்பாகத்தான் இருந்தார்கள்.

ஹிபா நிமிர்ந்தாள், பார்த்தாள். எழுந்திருக்கப்போவது போல இருந்தது. அப்புறம் குழந்தையைக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கிட்டப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோர் ரத்தமும் தெரிந்தவளுக்கு இந்த ஒரு குழந்தையின் ரத்தம் தெரியாது. ஆனால் ஒருவர் ரத்தத்தைப் பற்றி அவரவர்தான் சொல்லவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஹிபா சொல்லவில்லை. தஹ்ஸீன் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ரொட்டி வாங்கினாள். இப்போதெல்லாம் தெரு முனையில் இருக்கிற வேறொரு கடையில்தான் வாங்குகிறாள். அந்தக் கடை ரொட்டியில் உப்பு எப்போதும் குறைச்சல்.